அன்றாடத் தெரிவும் ஆவிக்குரிய வளர்ச்சியும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கிறித்தவன் ஒருவனுடைய ஆவிக்குரிய வளர்ச்சிக்கு அவன் அன்றாடம் மேற்கொள்ளும் தெரிவுகள் எவ்வாறு காரணமாகின்றன என்பது நமக்கு இட்ட பொருள். இவ்வவையிலே சைவர் உளர். பௌத்தம் தழுவியோர் உளர். எச்சமயமும் வேண்டாம் என்போரும் உளர். அவர்கள் நடுவே இப்பொருளைப் பேசலாமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும் இக்கழகத்தின் வகுப்பறைகளில் கிறித்தவப் பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படித்திருக்கின்றனர். ஒரு சேரியின் துன்பம் சமயம் பார்த்து வருவதில்லை. ஆகவே கிறித்தவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகளைப் பிறர் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்வதில் தவறில்லை என்று துணிந்தோம்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்றவுடன் நம் சபைகளில் பலருக்கு நினைவுக்கு வருவது கன்வென்ஷன் பந்தலும், உபவாசக் கூட்டமும், இரவு முழுதும் நடைபெறும் ஜெபமும் ஆகும். இவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் ஆண்டுக்கு மூன்று நாள் நடைபெறும் கூட்டத்தில் ஒருவன் எவ்வளவு கண்ணீர் வடித்தான் என்பதைக் கொண்டு அவன் வளர்ச்சியை அளந்துவிட முடியாது. எஞ்சிய 362 நாட்களிலும் அவன் எந்தக் கடையில் எந்தக் குவளையில் தேநீர் அருந்தினான், சனிக்கிழமைக் கூலியை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தான், மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினானா, யாருடைய வீட்டுத் துக்கத்திற்குப் போனான், யாருடைய வீட்டில் கை நனைத்தான் என்பவற்றையெல்லாம் பார்த்தல் வேண்டும். மரம் வளர்வதை யாரும் கண்ணால் காண்பதில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்ததை நாமெல்லாரும் கண்டோம். அவை வளர்ந்ததை மட்டும் எவரும் கண்டிலர்.

இந்தப் பண்ருட்டிப் பகுதியின் முந்திரிக் கொட்டைகளை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து கறுத்துப்போன கைகள் அவை. அந்தக் கைகளே உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு பானையில் போடுகின்றன. பிடியரிசிக் காணிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான். நம் கிராமச் சபைகள் பலவற்றில் கோயில் விளக்குக்கு எண்ணெயும் உபதேசியாருக்கு உணவும் இந்தப் பிடியரிசியினால் வந்த காலம் உண்டு. வீட்டில் அரிசி நிறைந்திருந்த நாளில் ஒரு பிடி எடுப்பது எளிது. பிள்ளைகள் நால்வர்க்கு அரைப்படி மட்டுமே இருந்த நாளிலும் அந்தக் கை ஒரு பிடியை விலக்கி வைத்தது. அது யாரும் காணாத இடத்தில், அடுப்பங்கரை இருட்டில் செய்யப்பட்ட தெரிவு. அந்தப் பெண்ணுக்கு வேதம் வாசிக்கத் தெரியாது. ஆயினும் அவள் ஒரு நாளைக்கு இருமுறை தன்னைத் தானே கேட்டுக்கொண்டு விடை கூறினாள். இத்தகைய தாய்மார் பலரை நாம் அறிவோம். எந்தச் சபை வரலாற்றிலும் அவர்கள் பெயர் இல்லை.

பிடியரிசி எடுக்கும் இந்தக் கை எவ்வளவு உயர்ந்ததாயினும், அந்த அரிசியைச் சோறாக்கி அவள் பரிமாறினால் சபையார் அனைவரும் உண்டார்களா என்பது அடுத்த கேள்வி. நம் மண்ணில் கிறித்தவ வாழ்வின் சோதனை பெரும்பாலும் இந்த இடத்திலேதான் நிகழ்ந்திருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று கருத வேண்டா. அந்தியோகியாவிலே பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து தம் இனத்தார் சிலர் வந்து சேர்ந்தனர். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்றஞ்சி அவர் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் கூறுகிறது. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. எந்தப் பிரசங்கத்தையும் மாற்றவில்லை. இலையை விட்டு எழுந்து போனார், அவ்வளவுதான். ஒரு வேளை உணவில் செய்த தெரிவை நற்செய்தியின் உண்மைக்கே விரோதமானது என்று பவுல் கருதினார். அவர் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டதும் விருந்தைக் குறித்தே: உள்ளவன் முந்தி உண்டான், இல்லாதவன் பசியோடிருந்தான்.

இனி நம் கடலூருக்கு வருவோம். இந்நாட்டின் புராட்டஸ்தாந்து சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவ்வூரில் பிறந்தவர் என்பது நம் இளைஞருள் எத்தனை பேருக்குத் தெரியுமோ அறியோம். கடலூரில் வேளாளர் குடும்பத்தில் 1698ஆம் ஆண்டளவில் பிறந்து ஆறுமுகம் என்று பெயர் பெற்றவர், 1718இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்து 1745இல் மறைந்தார். அவர் பெருமையில் நமக்கு ஐயமில்லை. கடலூரார் அவரை எண்ணிப் பெருமை கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே காலத்தில் தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக விளங்கிய வேறொருவரையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இராசநாயக்கன் என்பது அவர் பெயர். பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். வளர்ந்த பின்னரே எழுத்துக் கற்றார் என்பர். தரங்கம்பாடி அச்சகத்தில் 1714இல் வெளிவந்த சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய தமிழ் நூல் எவ்வாறோ அவர் கைக்கு வந்தது. படை வீரன் ஒருவன் பகல் முழுதும் காவல் காத்துவிட்டு மாலையில் தூங்கியிருக்கலாம், சூதாடியிருக்கலாம். அவர் அந்நூலைப் படித்தார். படித்ததைப் பிறர்க்குச் சொன்னார். பின்னர்ப் படை வேலையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டுச் சபைகளை வளர்த்ததில் அவர் பங்கு பெரிது.

ஆரோனுக்குப் பிறகு இரண்டாவதாக யாருக்குக் குருப்பட்டம் அளிப்பது என்ற ஆராய்ச்சி 1740ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தபோது இராசநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவருடைய தகுதியை மிஷனரிமார் ஐயுறவில்லை. அவருடைய உழைப்பைப் புகழ்ந்தே எழுதினர். ஆயினும் அவர் கையால் திருவிருந்து வழங்கப்பட்டால் மேற்சாதிக் கிறித்தவர்கள் அத்திருவிருந்தின்மீது கொண்டுள்ள மதிப்பே குறைந்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர். 1741இல் தியோகு என்பவர் குருவானார். இராசநாயக்கனோ உபதேசியாராகவே உழைத்து 1771இல் காலமானார். முப்பது ஆண்டுகள்! இம்முப்பது ஆண்டுகளில் அவர் எத்தனை பேரைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தியிருப்பார்? அப்பத்தை எடுத்துக் கொடுக்கும் கை மட்டும் அவருடையதாக இருத்தல் கூடாது என்று ஆயிற்று.

மிஷனரிமார் தீயவர்கள் என்று நாம் கூற மாட்டோம். கடல் கடந்து வந்து நம் மொழியைக் கற்றவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர்கள். பலர் இந்த மண்ணிலேயே புதைந்தவர்கள். அவர்கள் சாதியைப் போற்றவும் இல்லை. காலம் வரட்டும், மெல்ல மெல்ல மாறும், இப்போது சபையைக் கலைத்துவிடலாகாது என்றே எண்ணினர். ஒவ்வொரு நாளும் நியாயமாகத் தோன்றிய ஒரு சிறு தெரிவு, நூறு ஆண்டுகளில் மாற்ற முடியாத வழக்கமாகிவிட்டது. தனி இருக்கை, தனி வரிசை, பாத்திரத்தில் முந்தி அருந்துவோர், பிந்தி அருந்துவோர் என்று எல்லாம் வேரூன்றிவிட்டன. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதியை உடனே, முற்றாக விடவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பல கிறித்தவர்கள் சபையை விட்டே விலகினர். பாடல்களால் தமிழ்ச் சபைகளையெல்லாம் கடமைப்படுத்திய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்த ஆணையை எதிர்த்து எழுதினார். அவர் பாடல்களை இன்றும் நாம் உருகிப் பாடுகிறோம்; பாடத்தான் வேண்டும். ஆனால் பாடலில் வளர்ந்தவர் பந்தியில் வளரவில்லை என்பதையும் நம் பிள்ளைகளிடம் மறைத்தலாகாது.

சிதம்பரத்தில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது திருநாளைப்போவார் நினைவு வாராமல் இராது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நந்தனார் சொல்லிக்கொண்டிருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லும் ஆசிரியர் சிலர், நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக்கூடாது என்று மாணவர்க்கு நீதி கூறி முடித்துவிடுகின்றனர். நந்தனாருக்கு என்ன சோம்பலா? வாயில் அடைத்திருந்தது, அதனால் நாளை என்றார். சபைக்குள்ளே ஓர் இராசநாயக்கன் வாழ்நாள் முழுதும் நாளைப் போவாராகவே இருந்து மறைந்தார். நாளை என்பதைத் தன் வாயால் சொல்பவன் வேறு. பிறரால் சொல்லப்படுபவன் வேறு. நம் சபைகளில் இன்றும் சிலருக்கு நாளை என்று விடையளிக்கும் இடத்தில் நாம் அமர்ந்திருந்தால், அதுவே நம்முடைய அன்றாடத் தெரிவு.

மாறாகச் செய்தவர்களும் உண்டு. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன் ஊழியரும் சபையாரும் சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒன்றாக அமர்ந்து அன்பின் விருந்து உண்ண வேண்டும் என்று விதித்தது. யார் சமைத்தது என்று பாராமல் உண்ண வேண்டும், அவ்வளவே சோதனை. உண்ண மறுத்துச் சபையைவிட்டு நீங்கியோர் பலர். விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தவர்களுக்கு ஒரு கவளம் சோறு தொண்டையில் இறங்கவில்லை! 1850இல் சென்னை மிஷனரி மாநாட்டினர் சாதியைக் கைவிடாதவர் சபையில் சேர்தல் ஆகாது என்று முடிவு செய்தபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படவில்லை. சாதி ஒரு குடிமை வழக்கம், அது தானே தேயும் என்பது அதன் கருத்து.

அந்த லைப்சிக் மிஷனில் பணியாற்றிய காரல் ஓக்ஸ் என்னும் மிஷனரி இவ்வொரு காரணத்திற்காகத் தம் மிஷனைவிட்டு வெளியேறினார். சம்பளமும் சங்கமும் இன்றி, 1860களின் தொடக்கத்தில் நம் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து பணி தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் அப்பணியோடு இணைந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாதியோடு சமாதானம் இல்லை என்ற ஒரு மனிதரின் தெரிவின்மேல் எழுந்த சபை, நம் மாவட்டத்துச் சபை. மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேர் இதை அறிந்து செல்கிறோம்? அந்தச் சபையின் வழிவந்தோர் அதன் வேருக்கு ஏற்ற கனி கொடுத்தனரா என்று கேட்பீர்களாயின், அதை அச்சபையாரே தங்கள் திருமண ஓலைகளையும் குருசேகரத் தேர்தல்களையும் பார்த்துச் சொல்லட்டும்.

கத்தோலிக்கச் சகோதரரைக் குறைகூற நமக்குத் தகுதி உண்டா என்பது வேறு. ஆயினும் எறையூரை மறப்பதற்கில்லை. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த இரு சாதியாரிடையே வழிபாட்டிடத்தைப் பற்றி எழுந்த பூசல் முற்றி, 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இறந்தவரும் ஞானஸ்நானம் பெற்றவரே. அடிபட்டவரும் ஞானஸ்நானம் பெற்றவரே. ஒரு நாளில் வந்த கலகமாக அதைச் செய்தித்தாள்கள் எழுதின. சவம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், கோயில் வாயிலுக்குள் எந்தப் பெட்டி வரலாம் என்று ஊரார் தலைமுறைகளாகச் செய்துவந்த சிறு சிறு தெரிவுகள் அன்று ஒன்றாகக் கூடி வெடித்தன என்றே நாம் கருதுகிறோம்.

இத்துணை நேரம் பிறர் செய்ததைப் பேசினோம். இனி நம் வீட்டுக்குள் வரவேண்டும்.

நம் வீடுகளில் பலவற்றில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் எஸ்தர். பள்ளிப் பதிவேட்டில் எழிலரசி. கோயிலில் கிறித்தவர், சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். இதைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் எவரும் பேசுவதில்லை. பேசினால் பேசுபவரின் சான்றிதழும் வெளிவரக்கூடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்விரட்டை வாழ்வை நம் மக்கள் விரும்பி ஏற்றவர்கள் அல்லர். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திருத்தப்படவில்லை. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையில் அமைந்த ஆணையம் 2007இல் அந்த விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது, பயன் விளையவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் வேறோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இவ்வுரிமையை வழங்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, ஒரு வழக்கில், கிறித்தவ நெறியில் வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியலமைப்பின்மீது இழைக்கும் மோசடி என்று கடுமையாகக் கூறியது. நம் மாநிலத்தில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அங்கே நூற்றுக்கணக்கான சாதிகளோடு அவர்கள் போட்டியிடல் வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் தேநீர்க் கடைக்காரன் குவளையை மாற்றிக்கொடுத்தானா? இல்லை. அடிக்க வந்தவன் வேதாகமத்தைக் கண்டு தடியைக் கீழே போட்டானா? அதுவும் இல்லை. ஊர் மாறாதிருக்கச் சட்டம் மட்டும் மாறிவிட்டது.

ஆகவே குற்றம் முதலில் அந்த ஆணையின்மீதே என்று நாம் உறுதியாகக் கூறுகிறோம். ஓர் ஏழைத் தகப்பன், தன் மகளின் படிப்பா, தன் விசுவாசத்தின் பெயரா என்று வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் நின்று தெரிந்துகொள்ளும்படி ஒரு நாடு வைக்கலாகாது. மிஷன் பங்களாவில் பிறந்து மிஷன் கல்லூரியில் வேலை பெற்றவர்கள் அந்தத் தகப்பனைப் பார்த்துப் பொய்யன் என்று கூறுவதை நாம் ஏற்க மாட்டோம். சபையின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இப்பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்காதவர்கள், உண்மை பேசு என்று அவர்களுக்குப் போதிப்பது எளிய ஊழியம்.

இவ்வளவையும் கூறிய பின்னரும் ஒன்றைக் கூறாமல் விட முடியவில்லை. இரண்டு பெயரோடு வாழும் பிள்ளையின் உள்ளத்தில் என்ன நடக்கிறது? தன்னைப் பற்றிய உண்மை அலுவலகத்தில் ஒன்று, ஆலயத்தில் ஒன்று என்று பத்து வயதிலேயே கற்றுக்கொள்கிறது. தேர்வுப் படிவத்தில் மதம் என்ற இடம் வரும்போது அது தகப்பன் முகத்தைப் பார்க்கிறது. பின்னர் வேலைக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமை உடன் பணிபுரிவோர் கண்ணில் படாத கோயிலைத் தேடுகிறது. நாளடைவில் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுகிறது. இவ்வாறு சபையை விட்டு அகன்ற படித்த இளைஞர்களை நாம் நன்கு அறிவோம். அவர்கள் விசுவாசத்தை மறுதலித்தவர்கள் அல்லர். ஒளித்து வைத்து ஒளித்து வைத்து எங்கே வைத்தோம் என்பதையே மறந்தவர்கள்.

இதற்கு ஒரே விடையைச் சொல்லி எல்லார் தலையிலும் சுமத்த நாம் வரவில்லை. கிறித்தவர் என்றே எழுதி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நின்று, இரு மடங்கு உழைத்து முன்னேறிய குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய துணிவை வணங்குகிறோம். ஆனால் எதைத் தெரிந்துகொண்டாலும், அது எழுத்தர் கேட்டபோது வாய்க்கு வந்த விடையாக இருத்தல் கூடாது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, இழப்பையும் ஆதாயத்தையும் எண்ணி, ஜெபித்துத் தீர்மானிக்கும் தெரிவாக இருத்தல் வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் பெயரில் செய்யப்படும் தெரிவு, பின்னர் அதன் கழுத்தில் கல்லாகத் தொங்கும். போதகர்களும் இதை மறைபொருளாக வையாமல், வீடு சந்திக்க வரும்போது திறந்து பேசினால், பாதிச் சுமை அன்றே இறங்கும். ஆணையை மாற்றும்படி ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கருப்பு நாளாக நடத்துகிறோம். அன்று ஊர்வலத்தில் செல்வோர் தத்தம் சபையின் பள்ளி நிருவாகத்திடமும் ஒரு மனு கொடுத்துவிட்டுச் சென்றால் நன்று என்பது நம் எண்ணம்.

கல்விக் கழகத்தின் மேடையில் நிற்பதால் இரு பெரியோரைக் கூறாமல் இருத்தல் நன்றியன்று. இருவரும் கிறித்தவர் அல்லர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் முனுசாமியாகப் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிறுவயதில் திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர். வேதாகமத்தை நன்கு கற்றும் சமயம் மாற இசையவில்லை. 1910இல் சிதம்பரத்துக்கு வந்தார். 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1959இல் மறையும் வரை அதற்கே உழைத்தார். நம்பாத ஒன்றை நன்மைக்காக நம்புவதாகச் சொல்ல அவர் மறுத்தார். அந்நேர்மை, நம்புவதை நம்புவதாகச் சொல்ல அஞ்சும் கிறித்தவருக்குப் பாடமாகட்டும். மற்றவர் காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924இல் பிறந்த எல். இளையபெருமாள். தீண்டாமை குறித்து அவர் தலைமையில் அமைந்த குழு 1969இல் அளித்த அறிக்கையை உலகம் அறியும். அதற்கு நெடுங்காலம் முன்னர், பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கென்று தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர் அவர் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். தாகத்துக்கு எந்தப் பானை என்பது ஒரு சிறுவனுக்கு அன்றாடம் வந்த தெரிவு. மற்றப் பிள்ளைகள் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயினர்.

கடைசியாக இளைஞருக்குச் சில சொல். அரசு மதுக்கடை வாசலில் சனிக்கிழமை மாலை நம் தெருவார் எத்தனை பேர் நிற்கின்றனர் என்று நாம் கூறி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கைப்பேசியில் இரவு ஒரு மணி வரை கழிவதும் அதற்குக் குறைந்ததன்று. மகளுக்கு நகை சேர்க்க மகளிர் குழுவில் கடன் வாங்கும் தாய், அதே மகளுக்கு விண்ணப்பப் பணம் கட்டத் தயங்குகிறாள். இவற்றை விரித்துரைக்க நேரமில்லை. மணியடிப்பவர் நம்மைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் கூறுவோம். படித்து வேலை பெற்ற நம் பிள்ளைகள் நகரில் வீடு பார்க்கப் போகும்போது, வீட்டுக்காரர் எந்த ஆளுகள் என்று கேட்கிறார். கிறிஸ்தவங்க என்று விடை கூறித் தப்பித்துக்கொள்வது இப்போது வழக்கமாகி வருகிறது. அங்கே சேரியை மறைக்கச் சபை உதவுகிறது. அலுவலகத்தில் சபையை மறைக்கச் சேரி உதவுகிறது. இவ்விரண்டு இடத்திலும் நின்று விடையளிப்பவன் ஒருவனே. அவ்விடைகள் அவனை எங்கே கொண்டு செல்கின்றன என்பதை அவனே சிந்தித்துப் பார்க்க வேண்டும். நமக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கின்றனர்.

கழகத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாலைப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதோடு, இவ்வட்டாரத்தின் வரலாற்றையும் வாரம் ஒரு மணி நேரம் கற்பியுங்கள். ஆரோனைச் சொல்லும் பாடத்தில் இராசநாயக்கனையும் சொல்லுங்கள். மேல்பட்டாம்பாக்கத்துக்கும் நந்தனார் பள்ளிக்கும் பிள்ளைகளை நேரில் அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணம் பெரிதன்று. அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை நாம் அளிக்க ஆயத்தமாயுள்ளோம் என்பதை இவ்வவையிலேயே தெரிவித்துக்கொள்கிறோம்.